ஆறு பாரத்தில் ஒரு வட இந்தியப் பயணம்: காபி டேபிள் புத்தகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மூன்று குடும்பங்கள், ஒன்பது பேர், பதினைந்து நாள். செப்டம்பர் கடைசியில் சென்னையிலிருந்து கிளம்பி டெல்லி, அமிர்தசரஸ், லே, பாங்காங் ஏரி, திரும்பி ஆக்ரா, முடிவில் காசி. கையில் ஒரு 24 மெகாபிக்சல் கேமராவும் நான்கு கைபேசிகளும். ஊர் வந்து சேர்ந்தபோது கேமராவில் 1,930 படம், கைபேசிகளில் 2,682. ஆக மொத்தம் 4,612. இவற்றை வைத்து ஒரு காபி டேபிள் புத்தகம், 12 பிரதி. விற்பனைக்கு இல்லை, மூன்று வீட்டுக்கும் நெருங்கிய உறவுகளுக்கும் மட்டும்.

விற்பனை இல்லாததால் ஐ.எஸ்.பி.என். எண்ணும் வேண்டியதில்லை, நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டியதுமில்லை. விற்பதாக இருந்தால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி போக வேண்டும், புத்தகத்தில் முகம் தெரிகிறவர்களின் சம்மதமும் தேவைப்படலாம். அந்தப் பாதை வேறு.

இந்தப் புத்தகம் இரண்டு முறை வடிவமைக்கப்பட்டது. முதல் முறை படங்களிலிருந்து தொடங்கினார்கள். டம்மி (மாதிரிப் பிரதி) வந்த அன்றே அதைக் கைவிட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அச்சகத்தின் தாளிலிருந்து தொடங்கினார்கள்.

முதல் டம்மி

மலை, ஏரி, கோட்டை என்றாலே எல்லோர் மனத்திலும் அகலவாக்குப் புத்தகம்தான் வரும். இங்கேயும் அப்படியே 12 அங்குல அகலம், 9 அங்குல உயரம், 160 பக்கம் என்று முடிவாயிற்று. பிடித்த படங்களையெல்லாம் அடுக்கி, பெரிய காட்சிகளை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டு, பி.டி.எஃப். எடுத்து ஒரு பிரதி அடித்துப் பார்த்தார்கள்.

தவறு நான்கு இடத்தில் இருந்தது. நான்குக்கும் வேர் ஒன்றே.

சிறு எண்ணிக்கைக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும். 12 பிரதிக்காக ஆஃப்செட் பிளேட் போடுவது வீண். டிஜிட்டல் எந்திரங்களில் பெரும்பாலும் ஓடும் தாள் 13 × 19 அங்குலம். 12 × 9 பக்கத்தை விரித்தால் 24 அங்குலம் வருகிறது. அது இந்தத் தாளில் அடங்காது. அடங்காவிட்டால் தாளை மடித்துத் தைக்க வழியில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் ஒற்றைத் தாளாக வெட்டி, முதுகில் பசை போட்டு ஒட்ட வேண்டும். அதாவது பெர்பெக்ட் பைண்டிங். பாக்கெட் நாவலுக்கு அது சரி. பூச்சுள்ள கனத்த ஆர்ட் பேப்பரில் சாதாரணச் சூட்டுப் பசை நாருக்குள் இறங்குவதில்லை, மேற்பூச்சைத்தான் பிடித்துக்கொள்கிறது. டம்மியை நாலு பேர் புரட்டியதுமே 30ஆம் பக்கத்தை ஒட்டி ஒரு தாள் கையோடு வந்துவிட்டது. பி.யு.ஆர். பசை இதைவிடப் பிடிக்கும். ஆனால் அடுத்த குறையை அதுவும் தீர்க்காது.

அந்தக் குறை, புத்தகம் தட்டையாகத் திறக்காதது. நடுவில் இரு பக்கமும் தலா 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை முதுகுக்குள் போய்விடுகிறது. பாங்காங் ஏரிக்கரையில் ஒன்பது பேரும் வரிசையாக நிற்கும் படத்தை இரு பக்கத்துக்கும் விரித்திருந்தார்கள். ஒன்பதில் ஐந்தாவது ஆள் நடுவில் வருவார் அல்லவா? வயதில் மூத்த பெரியம்மாதான் அந்த ஐந்தாவது ஆள். டம்மியில் அவருடைய காது இரண்டு மட்டும் இருந்தது.

மூன்றாவது விகிதம். கேமராப் படம் 3:2. விரித்த பக்கம் 24 × 9, அதாவது 8:3. படத்தை அகலத்துக்குப் பொருத்தினால் 4,000 பிக்சல் உயரத்தில் 2,250 மட்டுமே மிஞ்சும், 44 சதவீதம் வெட்டுப்படும். லடாக்கில் எடுத்த படங்களில் மேலே மலை, நடுவில் நீர், கீழே கூழாங்கல் கரை. மூன்றில் ஒன்றைப் பலிகொடுக்காமல் எந்தப் படமும் உட்காரவில்லை. நான்காவது, தெளிவு. 4,000 பிக்சல் அகலமுள்ள கைபேசிப் படத்தை 24 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 166 பிக்சல்தான் வருகிறது. கையில் வைத்துப் பார்க்கும் புத்தகத்துக்கு 300 வேண்டும். நல்ல கேமராப் படம் 240 வரை தாங்கும். 166இல் கோட்டைச் சுவர் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும்.

அளவை மாற்றியதும் மாறியவை

இரண்டாம் முறை முதலில் கேட்ட கேள்வி, 13 × 19 தாளை நடுவில் ஒரு மடி மடித்தால் என்ன கிடைக்கும் என்பது. வெட்டும் இடத்தைக் காட்டும் கிராப் குறிகளுக்கும் வெட்டுக்கும் இடம் விட்டால் 17.5 × 11.75 அங்குல விரிப்பு, அதாவது 8.75 × 11.75 அங்குலப் பக்கம். உயரவாக்கு. வீட்டில் யாருக்கும் முதலில் பிடிக்கவில்லை.

கணக்குப் போட்டதும் எதிர்ப்பு அடங்கியது. வெளி ஓரங்களில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் விரிப்பு 17.74 × 11.99 அங்குலம். 6,000 × 4,000 பிக்சல் கேமராப் படம் இதில் அங்குலத்துக்கு 333 பிக்சலில் உட்காருகிறது. அகலத்தில் சுமார் 80 பிக்சல்தான் வெட்டுப்படும், அதுவும் ப்ளீட்டில் போகிற இடம். தனிப் பக்கமோ ப்ளீட்டோடு 8.87 × 11.99. நிமிர்த்திப் பிடித்து எடுத்த 3,000 × 4,000 கைபேசிப் படம் இதிலும் 333 பிக்சலில், ஏறக்குறைய வெட்டே இல்லாமல் பொருந்துகிறது. கேமராவின் கிடைவாக்குப் படத்துக்கு இரட்டைப் பக்கம், கைபேசியின் நிமிர்ந்த படத்துக்கு ஒற்றைப் பக்கம். இரண்டு கருவிகளும் கலந்த பயணத்துக்கு இதைவிடத் தோதான அளவு கிடைப்பது அரிது. அகலவாக்குதான் அழகு என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் தம் படங்களின் விகிதத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிடிக்கலாம்.

மடித்த தாள் என்றால் தைக்கலாம். ஒரு தாளில் 4 பக்கம். நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 பக்கம், அச்சகப் பேச்சில் ஒரு பாரம். ஆறு பாரம் சேர்த்தால் 96 பக்கம். ஒரு பிரதிக்கு 24 தாள், 12 பிரதிக்கு 288, கழிவுக்கு 20 சேர்த்து 308 தாள். 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 170 கிராம்) மேட் ஆர்ட் பேப்பர், அதாவது பளபளப்பில்லாதது. உள்தாள் மட்டும் பிரதிக்கு 540 கிராம் வரும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் நிறம் கூடுதலாகத் தெறிக்கும், ஆனால் மேசை விளக்கின் ஒளி கண்ணில் அடிக்கும், விரல் ரேகை பதியும். பலர் கைமாறும் புத்தகத்துக்கு மேட்தான் சரி.

ஒரு பாரத்தின் நட்ட நடுவில் மட்டும் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே தாள். அங்கே விரிக்கும் படம் உடையாது. நடுவில் நூல் தெரியும், அவ்வளவுதான். 16 பக்கப் பாரத்தில் அந்த இடங்கள் 8–9, 24–25, 40–41, 56–57, 72–73, 88–89. புத்தகம் முழுவதிலும் இப்படி ஆறே இடம். மற்ற விரிப்புகளில் இடதும் வலதும் வேறு வேறு தாளில் அச்சாவதால் கோடு ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கும், நிறமும் ஒரு சாயல் விலகலாம். ஆகவே அங்கெல்லாம் நடுமடிப்பைத் தாண்டிப் போகலாம் என்று அனுமதி பெற்றவை வானமும் நீரும் மணலும் மட்டுமே. கட்டடக் கோடுகளும் முகங்களும் தாண்டக் கூடாது.

எனவே படத்தேர்வு தொடங்கும் முன்பே ஆறு நாற்காலி போட்டாகிவிட்டது. உட்கார ஆள் தேடுவதுதான் பாக்கி.

படங்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவருதல்

ஐந்து கருவிகளின் படங்களை நேர வரிசையில் கலந்தபோது காசியில் ஒரு விசித்திரம். தசாஸ்வமேத படித்துறையின் மாலை ஆரத்தி, கேமராவின் கணக்கில் பகல் 1.20க்கு நடந்திருந்தது. படகிலிருந்து எடுத்த விடியற்காலைப் படங்கள் பாதி முந்தின நாள் இரவு 11.45க்குப் போய் உட்கார்ந்திருந்தன. வித்தியாசம் துல்லியமாக ஐந்தரை மணி நேரம். வாங்கிய நாளிலிருந்து கேமரா கிரீன்விச் நேரத்தில் கிடந்திருக்கிறது. கைபேசிகள் நேரத்தை வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்வதால் அவை சரி.

தீர்வு எளிது. கேமராவிலும் கைபேசியிலும் ஒரே கணத்தில் பதிவான ஒரு காட்சியைப் பிடிக்க வேண்டும். ஆரத்தியில் பெரிய அடுக்குத் தீபத்தைத் தலைக்கு மேல் தூக்கிய நொடி இரண்டிலும் இருந்தது. லைட்ரூம் மென்பொருளில் கேமராப் படங்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, அந்த ஒரு படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால் மீதி 1,929உம் அதே அளவு நகர்ந்துகொள்ளும். இதைச் செய்வதற்கு முன் படங்களுக்குத் தேதிப்படி பெயர் மாற்றிவிடக் கூடாது. மாற்றிவிட்டால் தவறான தேதி கோப்புப் பெயரில் நிலைத்துவிடும்.

அடுத்த சிக்கல் வாட்ஸ்அப். குழுவில் பகிர்ந்த படங்களையே பலர் ‘என் படம்’ என்று அனுப்பிவைத்தார்கள். சாதாரணமாக அனுப்பினால் நீள் பக்கம் 1,600 பிக்சலுக்குச் சுருங்கும். 300இல் அச்சிட்டால் 5.3 அங்குலம், அரைப் பக்கத்துக்கும் பற்றாது. எடுத்த நேரம் உள்ளிட்ட தகவலும் போய்விடும், அதனால் வரிசையிலும் சேராது. மூலக் கோப்பைக் கேபிள் வழியாக எடுக்க வேண்டும், இல்லையேல் வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். ஐபோன் வைத்திருந்தவரின் படங்கள் எச்.ஈ.ஐ.சி. வடிவில், டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் (எந்தெந்த நிறம் அடங்கும் என்ற எல்லை) இருந்தன. மாற்றும்போது நிறவெளித் தகவலைச் சும்மா உதிர்த்துவிட்டால் சிவப்பும் ஆரஞ்சும் வெளுத்துப்போகும். வழக்கமான திரை நிறவெளியான எஸ்.ஆர்.ஜி.பி.க்கு முறையாக மாற்றிச் சேமிக்க வேண்டும்.

எல்லாம் ஒன்றுசேர்ந்ததும் வேலை செய்யும் கணினியில் ஒரு நகல், வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. மெமரி கார்டுகள் புத்தகம் கைக்கு வரும்வரை அழிக்கப்படவில்லை.

தேர்வு

முதல் சலிப்பில் ஆட்டம், மங்கல், கண் மூடியவை, ஒரே காட்சியின் பத்துப் பிரதி போயின: 4,612 படம் 1,240 ஆயிற்று. இதைத் திரையிலேயே வேகமாக, யோசிக்காமல் செய்யலாம். இரண்டாம் சலிப்பில் 320. அதற்குமேல் திரை உதவாது. திரையில் ஒவ்வொரு படமும் தனியாக வந்து நிற்கிறது, எல்லாமே நல்லதாகத் தெரிகிறது. 320ஐயும் ஏ4 தாளில் இருபது இருபதாகச் சாதாரணப் பிரிண்டரில் அடித்து (16 தாள்), கத்தரித்து, கூடத்துத் தரையில் வரிசை வரிசையாகப் பரப்பினார்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு விரிப்பு. இந்த நிலையில்தான் இரண்டு நல்ல படங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒன்றையொன்று கெடுப்பது தெரிந்தது. பொற்கோயிலின் இரவு மஞ்சளும் அமிர்தசரஸ் தெருவோர ஜிலேபியின் மஞ்சளும் எதிரெதிரே வந்தபோது கோயில் ஜிலேபியாகிவிட்டது. ஜிலேபி இரண்டு பக்கம் தள்ளி, இரும்புச் சட்டியின் கருப்புக்கு அருகில் போய்ப் பிழைத்துக்கொண்டது.

முடிவில் நின்றவை 131 படம். கேமரா 74, கைபேசி 57.

ஆறு நடுவிரிப்புகளில் கைபேசிப் படம் எதற்கும் இடமில்லை. அங்குலத்துக்கு 225 பிக்சல்தான் வரும் என்பது ஒரு காரணம், விரித்துப் பார்க்கும்போது ஓரங்களில் உருவம் இழுபடுவது இன்னொன்று. 8–9இல் ஹுமாயூன் கல்லறைத் தோட்டம், 24–25இல் சரோவர் குளத்தில் தலைகீழாக விழுந்த ஹர்மந்திர் சாஹிப் (பொற்கோயில்), 40–41இல் திக்ஸே மடாலயம், 56–57இல் பாங்காங், 72–73இல் தாஜ்மகால், 88–89இல் காசிப் படித்துறைகள்.

தாஜ்மகால் ஒன்றே இரண்டு நாளைத் தின்றது. எல்லோரிடமும் இருந்தது அதே படம்: நீண்ட நீர்த்தொட்டி, இரு பக்க மரம், நடுவில் கும்மட்டம். சமச்சீரான கட்டடத்தைச் சமச்சீராக எடுத்து இரட்டைப் பக்கத்தில் விரித்தால் மடிப்பு கலசத்தில் தொடங்கி வாசல் வழியாகத் தொட்டி வரை கத்திபோல இறங்கும். ஒரே தாளானாலும் மடிப்பு மடிப்புத்தான். அதில் நிழல் விழும். படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சமச்சீர் கெட்டு, கோணல்போலத் தெரிகிறது. கடைசியில் யமுனையின் எதிர்க்கரையில், மெஹ்தாப் பாக் பக்கமிருந்து எடுத்த ஒரு படம் கைகொடுத்தது. கட்டடம் வலது பக்கத்தின் நடுவில், இடது பக்கம் முழுக்க ஆறும் ஒரு கொக்கும் காலை மூட்டமும். மடிப்பு ஆற்றில் விழுந்தது. நீர்த்தொட்டிப் படம் 75ஆம் பக்கத்தில் ஒற்றைப் பக்கமாக, நிமிர்ந்து, முழு மரியாதையோடு நின்றது. சமச்சீர்ப் படங்களுக்கு ஒற்றைப் பக்கம், ஓரத்தில் கனமுள்ள படங்களுக்கு இரட்டை. இந்த ஒன்றைப் பயணத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தால் ஒவ்வொரு பெரிய காட்சியிலும் மையம் விலக்கி ஒன்று கூடுதலாக எடுத்து வந்திருப்பார்கள்.

சில இடங்களுக்குப் படமே கிடையாது. தாஜ்மகாலின் உள்ளே சமாதி அறையில் எடுக்கக் கூடாது. காசி விஸ்வநாதர் கோயிலுக்குள் கைபேசியே போகாது. ஹர்மந்திர் சாஹிப்பின் உள்ளும் படம் எடுக்கக் கூடாது. மணிகர்ணிகையில் எரியும் சிதையை யாரோ ஒருவர் தூரத்திலிருந்து எடுத்திருந்தார். அது முதல் சலிப்பிலேயே நீக்கப்பட்டது, அடுத்தவர் துக்கம் நம் வீட்டு மேசைக்கு வர வேண்டியதில்லை. இந்த வெற்றிடங்களை அடைக்க முயலாமல், விஸ்வநாதருக்கான பக்கத்தில் கோயில் சந்தில் பூக்கடை ஒன்றின் வில்வக் குவியலை மட்டும் சிறிதாக வைத்து மீதியை வெள்ளையாக விட்டார்கள். புத்தகத்திலேயே அதிகம் பேசப்பட்ட பக்கம் அதுதான்.

பாரத்துக்கு ஓர் ஊர் என்று சமமாகப் பிரிக்கும் ஆசையும் வந்தது. டெல்லிக்கு 16 பக்கம் தாங்கும் படம் இல்லை. 10 பக்கத்தில் முடிந்தது. காசிக்கு 16 போதவில்லை. கேதார் படித்துறையும், குமரகுருபரர் நிறுவிய மடமும், பாரதியார் இளமையில் தங்கிய ஹனுமான் படித்துறை வீடும் சேர்ந்தால் தமிழ்க் குடும்பத்துக்குக் காசி நீளத்தான் செய்யும்.

நிறம்: நான்கு இடம், நான்கு தொல்லை

திரை ஒளியால் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. திரையின் பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தினால் அச்சு இருட்டாக வரும். முதல் டம்மி அப்படித்தான் ஒரு படி இருண்டு வந்தது. பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துப்போகும்வரை குறைப்பது கருவியில்லாதவர்களுக்கு உள்ள வழி. அளவீட்டுக் கருவி இருந்தால் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள்.

லடாக்கின் வானம்தான் முதல் தொல்லை. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயிலும் 4,250 மீட்டரை ஒட்டிய பாங்காங்கிலும் காற்று மெலிந்து தூசும் குறைவு. நீலம் அடர்ந்து இறங்கும். அந்த நீலத்தை நான்கு வண்ண மை எட்டாது. அச்சு மைக்கு மாற்றியபோது சியான் (பச்சை கலந்த நீல மை) 95 சதவீதம், மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) 78 என்று வந்தது. அச்சில் வானம் நாவல்பழ நிறமாயிற்று. நீலம் நீலமாகவே இருக்க மெஜந்தா சியானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே இருக்க வேண்டும். வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மெஜந்தாவை 60க்கு இறக்கியதும் நேராயிற்று. போலரைசர் வடிகட்டி போட்டு அகலக் கோணத்தில் எடுத்த சில படங்களில் வானத்தின் நடுவில் கருநீலத் திட்டு விழுந்திருந்தது. அதைச் சரிசெய்ய முயன்றால் பட்டை பட்டையாகத் தெரியும். அவை விலக்கப்பட்டன.

அமிர்தசரஸின் தங்கத்துக்கு எதிர்ப் பிரச்சினை. மஞ்சளிலும் மெஜந்தாவிலும் பிறக்கும் தங்க நிறத்தில் சியான் சற்றே கலந்தாலும் பித்தளை பழசானதுபோல மங்கும். ஒளிபட்ட இடங்களில் சியானை 5க்குக் கீழே வைத்தார்கள். நிழலில் மட்டும் விட்டார்கள். பளிச்சென்ற தங்கத்துக்கு நிழல் அருகில் இருப்பதே பாதி வேலை.

தாஜ்மகாலின் வெள்ளைப் பளிங்கில், வெயில் பட்ட பகுதி (0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில்) 255ஐத் தொட்டிருந்தால் அச்சில் அங்கே மையே விழாது. வெறும் தாள் தெரியும், கட்டடத்தில் ஓட்டை விழுந்ததுபோல. மிக வெளுத்த இடத்தையும் 245–248க்குள் நிறுத்த வேண்டும். கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பு இருந்ததால் பளிங்கின் கோடுகள் திரும்பி வந்தன. கைபேசி ஜேபெக்கில் போனது போனதுதான்.

காசி ஆரத்தியில் இருட்டு. 15க்குக் கீழுள்ள நிழல் எல்லாம் மேட் தாளில் ஒரே கருப்பாக அடைந்துவிடும். கூட்டத்தின் தலைகள் கரைந்துபோகும். நிழலை 20 வரை தூக்கி, எழும் புள்ளித் தூசியைக் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். முழுக்கத் துடைத்தால் முகங்கள் பொம்மையாகிவிடும், அச்சிலோ அந்தத் தூசி பாதி தெரியாது. நான்கு மையும் சேர்ந்த மொத்த அளவு 300 சதவீதத்தைத் தாண்டாமலும் பார்க்க வேண்டும். தாண்டினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்.

இத்தனையையும் 96 பக்கத்திலும் அடித்துப் பார்க்கத் தேவையில்லை. பன்னிரண்டு கடினமான படங்களின் துண்டுகளை ஒரே 13 × 19 தாளில் அடுக்கி, அச்சாகப்போகும் அதே தாளில், அதே எந்திரத்தில் ஒன்று அடித்து, ஜன்னலோர வெளிச்சத்தில் பார்த்தால் போதும். மூன்று முறை அடித்தார்கள். மொத்த வேலையிலும் மிக மலிவான செலவு இது. முதல் டம்மிக்கு முன் இதைச் செய்யாததுதான் மிக விலையுயர்ந்த மிச்சம். அச்சகம் எஸ்.ஆர்.ஜி.பி. கேட்கிறதா, சி.எம்.ஒய்.கே. (நான்கு மைக் கணக்கு) கேட்கிறதா என்பதையும் முன்னமே கேட்டுவிட வேண்டும். நீங்கள் ஒருமுறை, எந்திரம் ஒருமுறை என்று இரண்டு தடவை மாற்றினால் செய்த திருத்தம் அத்தனையும் வீண்.

எழுத்து

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் தமிழை ஒட்டியதும் ‘கொடி’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. எழுத்துருவில் குற்றமில்லை. பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்ததும் கூடிக்கொள்ளும். இது தெரியாத சில இடங்களில் யூனிகோடைப் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுகிறார்கள். மாற்றும்போது கிரந்த எழுத்தும் நிறுத்தற்குறியும் அங்கங்கே சிதையும். ‘திக்ஸே’யும் ‘ஹுமாயூனு’ம் நிறைந்த புத்தகத்தில் அது ஆபத்து.

படக்குறிப்பு 9.5 புள்ளி, நெகட்டிவ் எழுத்து (இருண்ட படத்தின் மேல் வெள்ளையாக வருவது) 11 புள்ளி தடித்தது. இருண்ட படத்தின் மீது மெல்லிய வெள்ளைத் தமிழ் எழுத்தை வைத்தால் சுழிகள் மையில் அடைபடும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து கருப்பு மை மட்டும் 100. நான்கு மையில் கருப்பைக் கட்டினால் ஓரத்தில் நிறம் கசிந்து இரட்டையாகத் தெரியும்.

ஊர்ப்பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு எல்லா இடத்திலும் அதையே பின்பற்றினார்கள். மூன்று பேர் குறிப்பு எழுதினால் ‘லே’, ‘லேஹ்’, ‘லெ’ மூன்றும் வந்துவிடும்.

அச்சும் பைண்டிங்கும்

இங்கே ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது: தாளின் கிரெய்ன். 13 × 19 தாளில் நார் பெரும்பாலும் 19 அங்குல வாக்கில் ஓடும். இந்தப் புத்தகம் அதற்குக் குறுக்கே மடிகிறது. நாருக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், பக்கங்கள் விறைத்து நிற்கும், மழைக்காலத்தில் முதுகோரம் அலையாகும். நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். பெரிய தாளிலிருந்து வெட்டும்போதே திசை பார்த்து வெட்டித் தரச் சொன்னார்கள். சோதிப்பது எளிது: ஒரு தாளை இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் எதிர்ப்புக் குறைந்த வாக்கில் மடிகிற கோடுதான் நாரின் திசை. அதோடு, 170 ஜி.எஸ்.எம். தாளைக் கையால் நேரடியாக மடிக்கக் கூடாது, க்ரீசிங் (மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது) போட்ட பிறகே மடிக்க வேண்டும்.

நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்தாள் அரை மில்லிமீட்டர் போல வெளியே நீட்டும், வெட்டும்போது அவ்வளவு போகும். அதனால் பக்க எண்களும் எழுத்தும் வெட்டு ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே. பாரத்தின் முதுகில் படிக்கட்டுபோல இறங்கும் சிறு கருப்புக் குறி ஒன்று போடுவது பழைய அச்சக வழக்கம்; டிஜிட்டலில் பலர் விட்டுவிடுகிறார்கள். போட்டிருந்ததால் பன்னிரண்டில் ஒரு பிரதியில் மூன்றாம் பாரமும் நான்காம் பாரமும் இடம் மாறியிருந்தது தைப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது.

அட்டைக்கு 2.5 மில்லிமீட்டர் போர்டு, அதன்மேல் அச்சிட்ட தாள் சுற்றி 18 மில்லிமீட்டர் உள்ளே மடிய. முதுகின் அகலத்தைக் கணக்கில் நம்பாமல், அச்சில்லாத வெறுந்தாளில் 24 தாளையும் தைத்து ஒரு டம்மி செய்து அளந்தார்கள். கணக்கு 7.2 சொன்னது, நூலின் பருமனும் காற்றும் சேர்ந்து 8.5 வந்தது. முதுகை ஒட்டி அட்டை மடங்கும் பள்ளத்துக்கு 8 மில்லிமீட்டர் விட்டு, அங்கே எழுத்து எதுவும் வராமல் பார்த்தார்கள். அட்டைக்கு முதலில் நினைத்தது கருநீல இரவு வானம். மேட் லேமினேஷன் போட்ட இருண்ட அட்டையில் நகம் பட்டாலே வெள்ளைக் கீறல் தெரியும் என்பதால் காலை மூட்டத்தோடு வெளிறிய யமுனைப் படத்தின் ஒரு பகுதி அட்டைக்கு வந்தது. அச்சான அட்டையை ஒரு நாள் ஆறவிட்டே லேமினேஷன் போட வேண்டும். சூட்டோடு போட்ட இரண்டு அட்டைகளில் கொப்புளம் எழுந்தது, திரும்ப அடிக்க நேர்ந்தது.

ஒட்டி முடித்த பிரதிகள் ஒரு நாள் முழுவதும் கனத்தின் கீழ் இருந்தன.

பன்னிரண்டு பிரதியும் வீடு வந்தபின் எஞ்சிய பிழை ஒன்று. கர்துங் லா கணவாயில் எல்லோரும் பலகைக்கு முன் நிற்கும் படத்தின் கீழ்க் குறிப்பு சரியான உயரத்தைத்தான் சொல்கிறது: 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. பின்னால் இருக்கும் பலகையில், படம் 333 பிக்சல் தெளிவில் அச்சானதால் நன்றாகவே படிக்கும்படி, 18,380 அடி என்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் குறிப்பைத்தான் தப்பு என்கிறார்கள். ‘பலகையில் இருப்பது பழைய கணக்கு’ என்று நான்கு சொல் சேர்க்க அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது.